உப்பில்லாத் தண்ணீர்

டேங்கர் தண்ணீரில் பருப்பு வெந்த வேகத்தைப் பார்த்து முதல் நாள் தங்கச்செல்வி பயந்துபோனாள். அடுப்பில் ஏற்றிவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவள், உரித்து முடித்து மூடியைத் திறந்தால் பருப்பு கரைந்து கூழாகக் கிடந்தது. அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கருவக்குடியில் பருப்பு என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குக் காலையிலேயே அடுப்பேற வேண்டிய சாமான். ஊர்த் தண்ணீர் அப்படி. குழாயில் வருவதும் உப்பு, அடிபம்பில் வருவதும் உப்பு. தலைக்குக் குளித்தால் மயிர் தேங்காய் நாராக விறைக்கும். குடிப்பதற்கு மட்டும் திருச்சுழியிலிருந்து வரும் வண்டியில் குடம் குடமாக வாங்கிக்கொள்வார்கள். அந்தத் தண்ணீரை அடுப்பில் ஊற்ற யாருக்கும் மனசு வராது.

இப்போது அவள் வீட்டு வாசலில் நீலநிற டிரம் ஒன்று நின்றது. காரியாபட்டிப் பக்கம் ஏதோ தோப்பிலிருந்து டேங்கர் கொண்டுவந்த நல்ல தண்ணீர். அவள் காட்டில் துளை போட வந்திருந்த சர்க்கார் ஆட்களுக்குச் சமைப்பதற்காக நிரப்பி வைத்தது. காடு என்றால் மேற்கே, கண்மாய்க்கு அந்தப் புறம் கிடக்கும் கரிசல் துண்டு. மழை பெய்த வருஷம் உளுந்தும் மல்லியும் போடுவார்கள். பெய்யாத வருஷம் சீமைக்கருவேலம் தானாகவே முளைத்துக்கொள்ளும்.

ஆட்கள் வருவதற்கு முன்னால் வி.ஏ.ஓ. வந்து சொல்லிவிட்டுப் போனார். வாசலில் வண்டியை விட்டு இறங்காமலேயே பேசினார்.

"மேல இருக்கிற மண்ணு உங்க மண்ணு. பட்டா உங்க பேருலதான் இருக்கு, யாரும் இல்லங்கல. அடியில கனிமம் ஏதாச்சும் இருந்தா அது சர்க்காரோடது. இருக்கா இல்லையான்னு பாக்கத்தான் வாராக. ஒரு எடத்துல தொளை போடுவாக, கல்ல எடுத்துக்கிட்டுப் போயிருவாக."

பக்கத்து வீட்டு முருகலட்சுமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். "அடியில உப்புத்தண்ணி கெடக்கே சார், அதுவும் சர்க்காரோடதா? அப்படின்னா அதையும் ஒரேடியா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

வி.ஏ.ஓ. சிரித்தார். தங்கச்செல்வியின் புருஷன் உக்கிரபாண்டி சிரிக்கவில்லை. அவர் ஆட்டுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து, "எம்புட்டு ஆழம் போடுவாக?" என்று கேட்டார்.

அந்த வாரத்தில் அவர் மனுசரிடம் பேசிய முதல் பேச்சு அது.

உக்கிரபாண்டி பேச்சை விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. யாரிடமும் கோபம் கிடையாது. கேட்டால் 'ம்' என்பார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. ஆடுகளிடம் மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை போகும். அந்தக் காட்டில் அவர் மூன்றுமுறை போர் போட்டுப் பார்த்தார். ஒன்றில் உப்பு வந்தது, ஒன்றில் ஈரம் வந்தது, கடைசியாகப் போட்டதில் வெள்ளைப் புழுதி மட்டும் வந்தது. காற்றடித்துத் துளைக்கிற வண்டி அது. புழுதி எழும்பிப் புளியமரம்வரை போயிற்று. மகன் முத்துராஜ் பக்கத்தில் நின்றிருந்தான். தலை, புருவம், இமை எல்லாம் வெளுத்துப்போய், கிழவன் வேஷம் போட்ட பிள்ளை மாதிரி நின்றுகொண்டு, "இந்த மண்ணுல என்னப்பா இருக்கு?" என்று கேட்டான். உக்கிரபாண்டி எல்லோர் முன்னாலும் அவனை அறைந்துவிட்டார்.

"தண்ணி வந்தாச் சொல்லுங்க, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினான் அவன். அங்கே மோட்டார் பம்பு செய்கிற கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மாவுக்குப் போன் போடுவான். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மழை உண்டா, இல்லை. பக்கத்திலேயே அப்பா உட்கார்ந்திருப்பார். போன் ஒருநாளும் கை மாறியதில்லை.

தங்கச்செல்வி முதலில் அழுதாள். பிறகு அழுகை நின்றுபோயிற்று. எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது. நூறு நாள் வேலைக்குப் போனாள், கரி மூட்டத்துக்கு விறகு வெட்டப் போனாள், வந்து சமைத்தாள், படுத்தாள். கையில் முள் குத்தினால் வீட்டுக்கு வந்த பிறகு இரத்தத்தைப் பார்த்துத்தான் குத்தியது தெரியும்.

*

துளை போடுகிறவர்களுக்கு மூத்தவன் இம்மானுவேல். சாத்தான்குளத்துப் பக்கத்து ஆள். மிஷினை ஓட்டுவது அவன்தான். காட்டில் தகரக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். உக்கிரபாண்டியைக் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள். தங்கச்செல்வி சட்டியைத் தலையில் வைத்துக் கண்மாய்க்கரை வழியாகச் சாப்பாடு கொண்டுபோவாள். ஆடி மாசத்துக் காற்று. சட்டி மூடியைத் துணியால் கட்டாவிட்டால் குழம்பில் பாதி மண்தான் இருக்கும். அவள் நடக்கும்போது காற்று சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வரும்.

ஒருநாள் வேடிக்கை பார்க்க முருகலட்சுமியும் கூட வந்தாள்.

"இது நம்ம ஊரு போர்வண்டி மாதிரி இல்லையே. புழுதியே காணோம்."

இம்மானுவேல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். "அது காத்தடிச்சு ஒடைக்கது. இது தண்ணி விட்டு அறுக்கது. மொனையில வைரத்தூள் பதிச்சிருக்கும். உள்ள விட்ட தண்ணி சூட்டத் தணிச்சு, சகதியையும் எடுத்துக்கிட்டு மேல திரும்பி வரணும். உங்க காட்டுல திரும்பவே மாட்டேங்கு. லோடு லோடா டேங்கர் வருது, அம்புட்டையும் பூமி குடிச்சிருது."

"வைரத்த வச்சுத் தொளைக்கீகளா?" முருகலட்சுமி மோவாயில் கை வைத்தாள். "கையில வைரத்த வச்சுக்கிட்டு இந்தப் பொட்டக் காட்டுல வேற என்னத்தத் தேடுறீக?"

ஆட்கள் சிரித்தார்கள். என்ன தேடுகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஊரில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டீக்கடையில் தங்கம் என்றார்கள். செல்போன் பேட்டரிக்குப் போடுகிற மண் என்று ரேஷன் கடைக்காரர் சொன்னார். துளையிலிருந்து உருளை உருளையாகக் கல்லை உருவி எடுத்து, தகரப் பெட்டியில் தடுப்புத் தடுப்பாக அடுக்கி வைத்தார்கள். சாம்பல் நிறம், இடையில் வெள்ளை, கீழே போகப் போகக் கறுப்பு. வாரம் ஒருமுறை சுபத்ரா மேடம் ஜீப்பில் வருவாள். சேலத்துப் பிள்ளை, கல் படித்தவள். ஒவ்வொரு துண்டையும் நனைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, திருப்பி அதே தடுப்பில் வைப்பாள்.

உக்கிரபாண்டி கல்லைப் பார்க்கவில்லை. அவர் பார்வை துளையின் வாயிலேயே இருந்தது. ஊரில் யாரும் போகாத ஆழத்துக்கு அது போய்க்கொண்டிருந்தது.

பிறகு மிஷின் நின்றது. உள்ளே ஏதோ வேலை பார்த்தார்கள், மூட்டை மூட்டையாகச் சிமெண்டு போயிற்று. கடைசியாக வந்த டேங்கர் தண்ணீர் முழுவதையும் உள்ளே விட்டார்கள். அன்று சாயங்காலமே சுதந்திர தின லீவுக்கு எல்லோரும் ஊருக்குக் கிளம்பினார்கள். அந்த நேரம் உக்கிரபாண்டி ஆட்டுக்குட்டி ஒன்றைத் தேடிக் கண்மாய்க்குள் அலைந்துகொண்டிருந்தார். எதற்காகச் சிமெண்டு, எதற்காகத் தண்ணீர் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. காவல்காரரிடம் சொல்ல வேண்டிய விஷயமாக யாருக்கும் அது தோன்றியிருக்காது.

*

லீவில் மூன்றாம் நாள் காலை. தங்கச்செல்வி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். கண்மாய்க் கரையில் உக்கிரபாண்டி ஓடி வருவது தெரிந்தது. அவர் ஓடி அவள் பார்த்தது பாம்பு கடித்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றுதான். கையில் எவர்சில்வர் செம்பு இருந்தது. ஓட்டத்தில் பாதி சிந்தியிருந்தது.

"ஏ புள்ள, இதக் குடி."

"என்னது?"

"குடி சொல்லுறேன்."

அவள் அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். நாக்கில் ஒன்றும் படவில்லை. உப்பு இல்லை, கரிப்பு இல்லை. தொண்டைக்குள் இறங்கிய பிறகு லேசாக ஒரு துரு வாடை எழுந்தது. டேங்கரின் வயிற்றுக்குள்ளிருந்து வருகிற வாடை. இத்தனை நாளாகக் காலையும் மாலையும் அவள் மூக்கிலேயே இருந்த வாடை. அரிசி களையும்போது, பருப்புக் கழுவும்போது, கை கழுவும்போது. நீல டிரம் அவளுக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உப்பு இல்ல" என்றாள்.

"இல்லேல்ல?" அவர் செம்பைப் பிடுங்கிக்கொண்டார். "கல்கண்டு மாதிரி இருக்கு. மூடியத் தொறந்து பாக்கேன், வாய்மட்டும் நிக்கிதுடி. தெளிஞ்சு, கண்ணாடியா, எம் மொகம் தெரியுது அதுல. டேங்கர் வந்து இன்னைக்கு எத்தன நாளாச்சு? ஊத்துன தண்ணியப் பூராம் பூமி குடிச்சிருச்சுன்னு அந்த இம்மானுவேல் வாயாலதான சொன்னான்? பெறகு இது எங்கிருந்து வந்துச்சு? அடி ஆழத்துல இருந்து வந்திருக்கு. நாம எங்க அம்புட்டு ஆழம் போனோம்? நாம மேலயே நோண்டிப் பாத்துட்டு உப்பு உப்புன்னோம். கீழ நல்லதண்ணி கெடந்திருக்கு, அது பாட்டுக்கு."

அவர் உட்காரவில்லை. வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார்.

"கருவேலத்தப் பூராம் வேரோட எடுத்துருவோம். முத வருசம் மொளகா. ஒரு ஓரமா மல்லிகப்பூச் செடி வைக்கணும். பாளையம்பட்டிக்காரன் பூரா அதுலதான் வீடு கட்டியிருக்கான், விடியமுன்னப் பறிச்சு மதுரைக்கு வண்டி ஏத்துறான். நீ இனிமே வெறகு வெட்டப் போகாத. கையப் பாரு, கை மாதிரியா இருக்கு?"

தங்கச்செல்வி கையைப் பார்த்தாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். குரல் கரகரத்தது, நடுவில் உடைந்தது, மறுபடி சேர்ந்துகொண்டது. வெகுநாள் பூட்டிக் கிடந்த கதவைத் திறக்கிற சத்தம் மாதிரி இருந்தது. அவள் வாசல் தெளித்த வாளியைப் பிடித்தபடி நின்றாள். இப்போது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அவர் இந்தப் பேச்சை முடிக்கட்டும், பிறகு சொல்லலாம். அவர் முடிக்கவில்லை.

"போனக் கொண்டா."

"யாருக்கு?"

"அவனுக்குத்தான்."

நம்பரை அவள்தான் அழுத்திக் கொடுத்தாள். அவர் போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தூரத்துக் காட்டில் நிற்கிறவனைக் கூப்பிடுவதுபோலக் கத்தினார். "ஏலே முத்துராசு! அப்பா பேசுறேன்."

அந்தப் பக்கம் கம்பெனியில் ஏதோ மிஷின் ஓடுவது மட்டும் கேட்டது.

"தண்ணி வந்தா வருவேன்னியே. வந்திருச்சுடா. நல்லதண்ணி."

"அம்மாட்டக் குடுங்க" என்றான் அவன்.

அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"நெசமாம்மா?"

உக்கிரபாண்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பின் வெளிப்புறத்தில் ஒரு சொட்டு வழிந்து கீழே இறங்கியது.

"குடிச்சுப் பாத்தேன்டா. உப்பு இல்ல."

"சரிம்மா" என்றான். பிறகு, "அப்பா பேசுறாரு" என்றான். கேள்வியாக இல்லை. அவனுக்கே அவன் சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. உக்கிரபாண்டி வந்தவர்களுக்கெல்லாம் கையில் ஊற்றிக் கொடுத்தார். முருகலட்சுமி குடித்துவிட்டு, "மதினி, இனிமே நான் இந்த வேலியப் பிரிச்சுப் போட்டுருவேன். குடத்தத் தூக்கிட்டு வாரதுக்குத் தோதா இருக்கும்" என்றாள். தங்கச்செல்வி அவளுக்குச் சிரித்துக் காட்டினாள்.

*

லீவு முடிந்து ஆட்கள் வந்தார்கள். தங்கச்செல்வி சாப்பாடு கொண்டுபோனபோது உக்கிரபாண்டி அங்கே இல்லை. முத்துராஜ் வருகிற பஸ்ஸைப் பார்க்கத் திருச்சுழிக்கு டி.வி.எஸ். வண்டியில் போயிருந்தார். அவள் இம்மானுவேலுக்குக் குழம்பை ஊற்றியபடியே கேட்டாள்.

"அதுல நிக்கிறது டேங்கர் தண்ணிதான?"

"ஆமாக்கா. ஏன்?"

"கீழ தண்ணி ஏதும் வரலையா?"

"கீழ கல்லுக்கா. முழுக் கல்லு. நடுவுல ஒரு வெடிப்புதான் இம்புட்டு நாளும் தண்ணியக் குடிச்சுக்கிட்டு இருந்துது. சிமெண்டு விட்டு அடைச்சோம். அடைஞ்சிருக்கான்னு பாக்க ரொப்பிட்டுப் போனோம். நிக்கிதுல்லா, அப்ப அடைஞ்சிட்டு." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். காலையில் உக்கிரபாண்டி மிஷினுக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டியிருந்தார். இம்மானுவேலும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டு கூட நின்றிருந்தான். வேலை நல்லபடி முடியட்டும் என்று அந்த மனுசர் செய்கிறார் என நினைத்தான். இப்போது அவன் கை சோற்றில் அப்படியே நின்றது. "அண்ணாச்சி அத ஊத்துன்னா நெனச்சிட்டாரு?"

"அவுககிட்டச் சொல்லாதீக."

"சொல்லணும்லாக்கா."

"பய வந்துக்கிட்டிருக்கான். வந்து ஒருவாட்டி ஒண்ணா உக்காந்து சாப்பிடட்டும். பெறகு சொல்லுங்க, சொல்லாம இருங்க."

இம்மானுவேல் மீதிச் சோற்றைச் சாப்பிட்டான். ஆனால் ருசித்துச் சாப்பிட்ட மாதிரித் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது. அப்பா ஓட்ட, மகன் பின்னால் உட்கார்ந்திருந்தான். அவர் காலடியில் சாக்குச் சுற்றிய நீளமான சாமான் ஒன்று இருந்தது. இறக்கி வைத்துச் சாக்கைப் பிரித்தார்கள். நீர்மூழ்கி மோட்டார். பளபளவென்று குழல் மாதிரி இருந்தது. வேலையை விட்டு நின்றபோது கம்பெனியில் பாக்கிச் சம்பளத்தில் கழித்துக்கொண்டு வாங்கி வந்ததாக முத்துராஜ் சொன்னான்.

"வேலைய விட்டுட்டியா?" என்றாள் அவள்.

"பெறகு? லீவா போட்டுட்டு வரச் சொல்லுறீக? தண்ணி வந்தா வாரேன்னு சொன்னேன்ல."

அவன் மெலிந்திருந்தான். மீசை வைத்திருந்தான். இரண்டு பேர் முகத்திலும் ஒரே புழுதி. அவள் பருப்பு வைத்திருந்தாள், கருவாடு வறுத்திருந்தாள், கத்தரிக்காய்க் கூட்டு வைத்திருந்தாள். அப்பாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

"எத்தன இஞ்சு தொளைப்பா அது?"

"மோட்டார் போட்டதுக்கு மேல கையும் போகும். நீ ஏன் அதப் போட்டுக் கொழப்புற? கரெண்டு கனெக்சனப் பத்தி யோசி."

"ஈ.பி.ல எழுதிக் குடுக்கணும். நரிக்குடில எங்கூடப் படிச்ச பய ஒருத்தன் இருக்கான்."

"பாத்தியா புள்ள? இதுக்குத்தான் படிச்ச பய வேணுங்கிறது."

"நான் ஐ.டி.ஐ.ப்பா."

"எதுவோ ஒண்ணு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தங்கச்செல்வி மறு சோறு போட்டாள். இந்த நேரத்துக்காகத்தான் சொல்லாமல் இருந்தாள். நேரம் வந்துவிட்டது, கண் முன்னாலேயே நடக்கிறது. சந்தோசம் வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். மரத்துப்போன காலை ஊன்றி நிற்கிற மாதிரி இருந்தது. கால் இருக்கிறது, தரை இருக்கிறது, தொடுகிறது மட்டும் தெரியவில்லை.

*

அடுத்த நாளே துளை வேலை முடிந்தது. சுபத்ரா மேடம் வந்தாள். குழாய்களை ஒவ்வொன்றாக உருவிப் போட்டார்கள். முத்துராஜ் துளைப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தான். துளைக்கு மேலே நிறுத்தியிருந்த பெரிய இரும்புக் குழாயையும் கழற்றி எடுத்த பிறகு, தரையில் இருந்தது ஒரு கை மட்டும் நுழைகிற ஓட்டை. அதில் தண்ணீர் பளபளத்தது. அவன் திரும்பி, சாக்கில் கிடந்த மோட்டாரைப் பார்த்தான்.

"அப்பா, இதுக்குள்ள மோட்டார் போகாது."

"போகாட்டி என்ன? அகலப்படுத்திக்கிருவோம்." உக்கிரபாண்டி வேட்டியை இறக்கிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மேடத்துக்கு முன்னால் போய் நின்றார். "மேடம், கல்லு எடுத்துட்டீக. ஓட்டைய எங்களுக்கு விட்டுருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"அப்படி விடக் கூடாதுங்களே. சிமெண்ட் ஊத்தி மூடணும்ங்க, ரூல் அப்படி."

"தண்ணி வந்திருக்கு மேடம்."

"எந்தத் தண்ணிங்க?"

இம்மானுவேல் கல் பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான். சுபத்ரா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டாள். வெடிப்பைப் பற்றி, சிமெண்டு பற்றி, நிரப்பிவிட்டுப் போனது பற்றி, மெல்ல, பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி சொன்னாள். "வாளில ஊத்துனா நிக்குமில்லைங்களா, அந்த மாதிரிங்க ஐயா."

"இல்ல" என்றார் உக்கிரபாண்டி. "நீங்க தெரியாமச் சொல்லுறீக. அது ஊத்து."

"எறைச்சுப் பாக்கட்டும் மேடம்" என்றான் இம்மானுவேல்.

அடியில் அடைப்பு வைத்த ஒல்லிக் குழாயில் கயிறு கட்டி உள்ளே விட்டு, உக்கிரபாண்டியே இழுத்துக் கொட்டினார். ஆரம்பத்தில் தெளிவாக வந்தது. பிறகு சாம்பல் கலந்து வந்தது. மகன் ஒரு கை பிடித்தான். தண்ணீர் காட்டு மண்ணில் ஓடி, விழுந்த இடத்திலேயே காணாமல் போயிற்று. இறைக்க இறைக்கக் கயிறு நீளமாக உள்ளே போகவேண்டியிருந்தது. ஓரிடத்தில் நிறுத்தி, ஈரம் தொட்ட இடத்தில் கயிற்றில் முடிச்சுப் போட்டார்கள்.

"சாப்பிட்டு வந்து பாப்போம்ங்க. ஊத்தா இருந்தா ஏறியிருக்கும்" என்றாள் மேடம்.

தகரக் கொட்டகை நிழலில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். உக்கிரபாண்டி சாப்பிடவில்லை. துளைக்குப் பக்கத்திலேயே வெயிலில் குத்தவைத்திருந்தார். காற்று மட்டும் அடித்தது. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, கயிற்றை விட்டுப் பார்த்தார்கள். ஈரம் முடிச்சுக்கு மேலே ஒரு விரல்கூட ஏறவில்லை. அவர் இன்னொரு தடவை விட்டார். அதற்கப்புறம் ஒரு தடவை. பிறகு கயிற்றைச் சுருட்டி இம்மானுவேல் கையில் கொடுத்தார், இரவல் வாங்கிய சாமானைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி.

முத்துராஜ்தான் கேட்டான். "அடியில என்ன இருக்குன்னாவது சொல்லுங்க மேடம்."

"நான் சொல்லக் கூடாதுங்க. எனக்கே முழுசாத் தெரியாது. கல்லு லேபுக்குப் போகணும்."

"இருந்தா என்ன ஆகும்?"

"இருந்தா சர்க்கார் ஏலம் விடுவாங்க. அப்ப நிலத்தை எடுத்துக்குவாங்க."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி ஒண்ணும் ஆகாதுங்க."

"எப்பத் தெரியும்?"

"அது வருஷக்கணக்கா ஆகலாம்ங்க. உங்களுக்கு யாராச்சும் வந்து சொல்லுவாங்களான்னும் தெரியலை." அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் தொப்பி பதிந்த கோடு சிவந்திருந்தது. "எங்கப்பாவும் விவசாயம்தாங்க" என்றாள்.

சிமெண்டைக் குழைத்து ஊற்றினார்கள். துளை நிறைந்து, மேலே சின்னதாக ஒரு மேடை கட்டி, ஈரமாக இருக்கும்போதே ஆணியால் நம்பர் எழுதினார்கள். மறுநாள் உக்கிரபாண்டி அதன் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் ஆட்டைக் கட்டினார்.

*

முத்துராஜ் சத்தம் போடுவான் என்று தங்கச்செல்வி எதிர்பார்த்தாள். அவன் போடவில்லை. மோட்டாரை மல்லாங்கிணற்றில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தான். கம்பெனியில் கேட்டால் திரும்ப எடுப்பார்களா என்று அவள் கேட்டதற்கு, "எடத்துல ஆளு போட்டாச்சாம்" என்றான். ஒருநாள் சாயங்காலம் காட்டிலிருந்து வந்து, இம்மானுவேல் அண்ணனோடு போகிறேன் என்றான்.

"எங்க?"

"அடுத்த பாயிண்டு நரிக்குடிக்கு அந்தப் பக்கம். ஒரு ஆளு நின்னுக்கிட்டானாம். தண்ணி பம்பப் பாத்துக்கிற வேல. எனக்குத் தெரிஞ்ச வேலதான."

"அப்பாட்டக் கேட்டியா?"

"'ம்'னாரு."

மிஷினைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். முத்துராஜ் கல் பெட்டிகளுக்கு மேலே உட்கார்ந்து போனான். நீல டிரம்மைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். அதில் அடியில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது.

லாரி போன அன்று உக்கிரபாண்டி வாசலில் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பாமலேயே கேட்டார்.

"ஒனக்குத் தெரியும்ல?"

அவள் முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "தெரியும்."

"எப்ப?"

"செம்பக் கொண்டாந்து குடுத்தீகளே, அப்பவே."

"பெறகு ஏன் சொல்லல?"

அவள் ஒரு கல்லை எடுத்துத் தூரப் போட்டாள். அடுத்ததைத் தேடினாள். இல்லை.

"நீங்க பேசிக்கிட்டிருந்தீக" என்றாள்.

அவர் குச்சியைத் துப்பினார். கோபப்படுவார் என்று நினைத்தாள். முன்பு மகனை அறைந்த மாதிரி எழுந்து வந்து அறைந்தால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவர் எழுந்து தொழுவத்துக்குப் போனார். அங்கே ஆடுகளிடம் ஏதோ சொல்வது கேட்டது. என்ன சொல்கிறார் என்று விளங்கவில்லை.

புரட்டாசி பிறந்தது. மேகம் வந்து நின்றுவிட்டுப் போயிற்று. வி.ஏ.ஓ.விடம் விசாரித்ததில் தனக்குத் தகவல் ஒன்றும் இல்லை என்றார். முருகலட்சுமி வேலியைப் பிரிக்கவில்லை. தங்கச்செல்வி மறுபடி விறகு வெட்டப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துராஜ் போன் போட்டான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். இங்க ஒரு அக்கா சமைக்காக. காரம் சாஸ்தி."

"மழ உண்டா?"

"இல்ல." பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. "இங்கயும் தண்ணி நின்னுதும்மா, அதே மாதிரி. காட்டுக்காரரு வந்தாரு. அப்பா வயசு இருக்கும். கையில அள்ளிக் குடிச்சுப் பாத்துட்டு என்னயப் பாத்துச் சிரிச்சாரு."

தங்கச்செல்வி போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"நான் சொல்லிட்டேன்மா. இது நாங்க ஊத்துன டேங்கர் தண்ணி, உங்க தண்ணி இல்லன்னு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. குனிஞ்சு இன்னும் ரெண்டு கை அள்ளிக் குடிச்சுட்டுப் போயிட்டாரு."